நோட்டில் ஒரு வரி கீழே போனால் என்ன?

"சும்மா ஒரு காகிதம்டா. அதுல எந்த மொழி மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?"

மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டைக் காட்டியபோது வகுப்பு நண்பன் ஒருவன் சொன்னது இது. அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. (எனக்கு எப்பவுமே பதில் அம்மையார்குப்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வரும்.) அதனால் இங்கே எழுதுகிறேன், அவனும் படிப்பான் :-)

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். மொரிஷியஸ் நோட்டுகளில் மதிப்பு மூன்று மொழிகளில் இருக்கும். ஆங்கிலம், தமிழ், இந்தி என்பதுதான் பழைய வரிசை. தமிழ் எண்களும் உண்டு, நம் ரிசர்வ் வங்கி நோட்டில்கூட அது கிடையாது! 1998-ல் புது நோட்டுகள் வந்தன. ஒவ்வொரு நோட்டிலும் ஒரு தலைவர் படம். நூறு ரூபாயில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளியில் வந்த வழக்கறிஞர், அமைச்சராக இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், தமிழர் படம் போட்ட அந்த நோட்டிலும் தமிழை மூன்றாவது இடத்துக்கு இறக்கிவிட்டார்கள், இந்தி மேலே ஏறிவிட்டது. அங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1999-ல் பழைய வரிசையோடு மறுபடியும் அச்சடித்து வெளியிட்டார்கள். 1998 என்று ஆண்டு போட்ட நோட்டை இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

"அங்கே இந்தி, போஜ்புரிக்காரர்கள்தானே அதிகம், அவர்கள் மேலே இருப்பதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தலை எண்ணித்தான் வரிசை என்றால் ஆங்கிலம் ஏன் முதலில்? வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அங்கே ரொம்பக் குறைவு, தெருவில் கேட்பது கிரியோல்! ஆக வரிசை எண்ணிக்கையால் வந்ததல்ல. 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வடக்கிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போவதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போயிருந்தார்கள். அந்த வரலாற்றைக் கேட்காமல் கொள்ளாமல் ஒரு அச்சுத் தகட்டில் மாற்றினால் கோபம் வராதா?

நம் நோட்டைப் பாருங்கள். பின்பக்கம் கட்டத்துக்குள் 15 மொழிகள், ஆங்கில அகர வரிசைப்படி. தமிழுக்கு நேர் கீழே தெலுங்கு. எங்கள் ஊரில் தறி வீட்டுக்குத் தறி வீடு கேட்கிற அதே இரண்டு மொழிகள்! இதில் யாரும் சண்டை போட்டதில்லை. காரணம், விதி எல்லோருக்கும் ஒன்று.

ஆனால் 2016-ல் வந்த புது 500, 2000 நோட்டுகளில் தேவநாகரி எண்ணைச் சேர்த்தார்கள். அரசியல் சட்டம் 343-வது பிரிவு சொல்வது சர்வதேச வடிவ எண்களை. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கும் போட்டார்கள். 2000 ரூபாயைத் திரும்பப் பெறுவதாக 2023-ல் அறிவித்தார்கள், அது வேறு காரணத்துக்காக. 500-ல் அந்த எண் இன்னும் இருக்கிறது. மொரிஷியஸில் ஒரு வரி கீழே போனதற்குத் தெருவுக்கு வந்தார்கள். நம்மில் எத்தனை பேர் நோட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம்?

நண்பா, காகிதம்தான் என்கிறாயே, மொழி எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்றால் அதை மாற்றியவர்கள் ஏன் மெனக்கெட்டு மாற்றினார்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லு, நாளைக்கு டீ என் செலவு.