நாய் பயம்: சிகிச்சையில் போனது திரும்பி வருமா?

ராஜபாளையம் என்றதும் பலருக்கும் அந்த வெள்ளை வேட்டை நாய்தான் ஞாபகம் வரும். 2005-ல் அஞ்சல் தலையிலேயே இடம்பிடித்த இனம் அது. ஆனால், நாயைப் பார்த்தாலே கை கால் நடுங்கும் ஒருவருக்கு அந்த ஊரில் வேலை என்றால்?

உணவு டெலிவரி செய்யும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் நாய் நின்றால் இரண்டு தெரு சுற்றிப் போகிறார். தினமும் லேட், வருமானமும் குறைகிறது. இப்படி அன்றாட வாழ்க்கையையே முடக்கும் பயத்துக்குப் பெயர்தான் ‘ஃபோபியா’.

என்ன சிகிச்சை?

எக்ஸ்போஷர் தெரபி. முதலில் நாயின் படம், அப்புறம் வீடியோ, பிறகு தூரத்தில் கட்டியிருக்கும் நாய், கடைசியில் பழகிய நாயைத் தொடுவது என்று படிப்படியாகப் பழக்குவார்கள். ஓடிவிடாமல் நின்றால், ‘பயந்த மாதிரி எதுவும் நடக்கலையே’ என்று மூளை கற்றுக்கொள்ளும்.

பலன் எத்தனை நாளைக்கு?

ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஊஸ்ட் 1989-ல் 20 பேரிடம் செய்த ஆய்வு பிரபலமானது. ஒரே ஒரு அமர்வு, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். சராசரியாக 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 90% பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், அல்லது முழுமையாகக் குணமாகியிருந்தார்கள்.

அப்படியும் பயம் ஏன் திரும்புகிறது?

சிகிச்சை பழைய பயத்தை அழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே ‘ஆபத்து இல்லை’ என்ற புதிய பாடத்தை எழுதுகிறது. இந்தப் புதிய பாடம் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலந்தி பயம் உள்ளவர்களிடம் 2002-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்ற இடத்தைவிட வேறு இடத்தில் சிலந்தியைப் பார்த்தவர்களுக்கே பயம் அதிகமாகத் திரும்பியது.

நம் இளைஞருக்கும் அதுதான் நடக்கும். ராஜபாளையத்தில் ஒரு அறைக்குள், ஒரே நாயிடம் பழகியிருப்பார். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ராத்திரி நேரம், ரத வீதியில் வேறொரு நாய் குரைத்தால் பழைய படபடப்பு வந்துவிடலாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பலன் நிலைக்க என்ன வழி?

* வெவ்வேறு நாய்கள், இடங்கள், நேரங்களில் பயிற்சி வேண்டும்.
* சிகிச்சை முடிந்த பிறகும் பயிற்சியை விடக்கூடாது. மறுபடி ஒதுங்க ஆரம்பித்தால் பயம் வளரும்.
* ஒரு நாள் பயம் திரும்பினால், சீக்கிரமே மறுபடி முயற்சிக்க வேண்டும்.

பயிற்சி என்று தெருநாயைத் தொடக்கூடாது. கடித்தால் காயத்தை சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச மனநல உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.