அண்டை வீட்டாரின் கதவைத் தட்டாத அறிவிப்பு

புதுதில்லி: பக்கத்து மனையில் எழப்போவது வீடா, வணிக வளாகமா என்பதை அனுமதி வழங்கப்படும் முன்பே அறியும் உரிமை அங்கு வசிப்பவர்களுக்கு உண்டா? பெங்களூர் ஈஜிபுராவின் அனுபவம் இக்கேள்வியை எழுப்புகிறது.

கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி கட்டிய சுமார் 1,500 அடுக்குமாடி வீடுகள் சில ஆண்டுகளிலேயே சிதிலமடைந்தன. அந்நிலத்தின் ஒரு பகுதியில் புதிய குடியிருப்பும், மறுபகுதியில் வணிக வளாகமும் அமைக்கத் தனியார் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. நீதிமன்ற உத்தரவைச் சுட்டிக்காட்டி, 2013 ஜனவரியில் அங்கிருந்த தகரக் கொட்டகைகள் இடித்து அகற்றப்பட்டன. வெளியேற்றப்பட்டவர்களில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன.

நிலம் மாநகராட்சியுடையது, கட்டும் பொறுப்பு தனியாருடையது. அங்கே வாடகைக்கு வாழ்ந்தவர்களுக்கோ எந்த ஆவணத்திலும் இடமில்லை. அண்டை நில உரிமையாளருக்கு மட்டும் தகவல் தருவது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 1961-ம் ஆண்டின் கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்தின் 14-ஏ பிரிவு, நிலப் பயன்பாட்டை மாற்றும் முன் நாளிதழில் விளம்பரம் வெளியிட்டு ஆட்சேபங்களைக் கோர வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டாருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. அந்த நாளிதழை வாங்காதவருக்கு விளம்பரம் வந்ததும் வராததும் ஒன்றே. தவிர, 2007-ல் ஒப்புதல் பெற்ற நகரப் பெருந்திட்டமே சாலையின் அகலத்தைப் பொறுத்துக் குடியிருப்புப் பகுதிகளில் வணிகத்துக்கு இடமளித்தது. அத்தகைய இடங்களில் பயன்பாட்டு மாற்றம் கோரும் அவசியமே எழுவதில்லை; எனவே விளம்பரமும் இல்லை.

நீதிமன்றங்கள் அண்டை வீட்டாரைக் கைவிட்டுவிடவில்லை. உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் திரையரங்குக்கு நகராட்சி அளித்த அனுமதியை எதிர்த்து அங்கு வசித்தவர் தொடுத்த வழக்கில், அவருக்கு அந்த உரிமை உண்டு என 1974-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெங்களூரில் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம் 1976-ல் தனியார் மருத்துவமனை கட்டுவதற்குத் தரப்பட்டது. அது செல்லாது என்ற இறுதித் தீர்ப்பு, அப்பகுதி மக்களின் போராட்டத்துக்குப் பிறகு 1991-ல்தான் கிடைத்தது.

அதாவது, தவறு நடந்த பின் வழக்குத் தொடரலாம். தவறு நடக்கும் முன் தகவல் வராது. அண்டை வீட்டாருக்குத் தெரிவித்தால் திட்டங்கள் தாமதமாகும், மிரட்டிப் பணம் பறிப்போரும் பெருகுவர் என்பது கட்டுமானத் துறையினரின் வாதம். அது முற்றிலும் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனால் தகவல் தெரிவிப்பது வேறு, சம்மதம் பெறுவது வேறு. பதினைந்து ஆண்டு வழக்கைவிட முப்பது நாள் காத்திருப்பு எவருக்கும் இழப்பாகாது.

இங்கிலாந்தில் அனுமதி கோரும் இடத்திலேயே அறிவிப்பு ஒட்டுவதோ, அடுத்துள்ள மனையின் உரிமையாளருக்கோ அங்குக் குடியிருப்பவருக்கோ கடிதம் அனுப்புவதோ நடைமுறை. கருத்துக் கூறக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. 'குடியிருப்பவர்' என்ற அந்த ஒரு சொல்தான் இங்கே விடுபட்டுள்ளது.

மனையின் முகப்பில், அப்பகுதி மக்கள் படிக்கும் மொழிகளில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. ஆட்சியாளர்களின் மனம்தான் வேண்டும்.