முன்வைப்புத் தொகை கட்டிவிட்டுத் துளையிடட்டும்

கொழிஞ்சாம்பாறையில் யாரும் எரிவாயுவுக்காகத் துளையிடவில்லை. ஆனால் நிலத்தடி நீர் கெட்டால் இழப்பீடு வாங்குவது எத்தனை பெரும்பாடு என்று இந்தப் பகுதி மக்களுக்கு நன்றாகத் தெரியும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கோரம் மழை மறைவுப் பகுதி. ஆழியாற்றிலிருந்து வரவேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீருக்காக ஆண்டுதோறும் தமிழ்நாட்டுடன் கணக்குப் பார்க்கும் ஊர்கள் இவை. ஆற்று நீர் குறைந்தால் மிச்சம் இருப்பது போர்வெல்தான்.

பக்கத்துப் பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போய்விட்டதென்று 2002 ஏப்ரலில் மயிலம்மா உள்ளிட்ட ஆதிவாசிப் பெண்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். அடுத்த ஆண்டு பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் பாதிப்பை 216.26 கோடி ரூபாயாக மதிப்பிட்டது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டுக்கென ஒரு தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியது; குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே காலமாகிவிட்டார்.

இந்த வரலாற்றை ஓரமாக வைத்துவிட்டுக் காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் எரிவாயுக் கிணறு தோண்டுவதைப் பற்றிப் பேச முடியாது. 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தமானபோது விவசாயிகள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மீத்தேன் வெளிவர வேண்டுமானால் நிலக்கரி அடுக்கில் இருக்கும் நீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். கொட்டும் நீரில் உப்பு இருக்கும். வயலில் பாய்ந்தால் நெல் நிற்காது. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் தன் கடைசி நாட்களில் இதை எதிர்த்துத்தான் ஊர் ஊராகப் போனார். ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் 2017இல் எழுந்தது. அதே ஆண்டு கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது.

எல்லாக் கிணறும் இப்படிக் கெடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நீரைப் பீய்ச்சிப் பாறையை உடைக்கும் முறையும் சாதாரணத் துளையிடலும் ஒன்றல்ல. ஆனால் சாதாரணக் கிணறும் கைமீறும். அசாமின் பாக்ஜானில் 2020 மே மாதம் ஆயில் இந்தியா கிணறு கட்டுக்கடங்காமல் வாயுவைக் கக்கியது, ஜூனில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள், அணைக்க நவம்பர் ஆயிற்று. பக்கத்து மகுரி-மோட்டபுங் சதுப்பு நிலத்தை நம்பி மீன் பிடித்தவர்கள் அதுவரை எதைத் தின்பது? இத்தகைய வாயுவோடு வரும் பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். அந்த நோய் தெரியவரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் நிறுவனம் ஊரைவிட்டே போயிருக்கும்.

நாட்டுக்கு எரிவாயு வேண்டும். தேவையில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்கிறோம் என்பது உண்மை. அதனால்தான் ஆபத்தின் விலையை எடுப்பவர் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறோம். நடப்பது நேர்மாறு. 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதியை மாற்றிவிட்டது. பிளாச்சிமடையில் மக்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் பஞ்சாயத்தின் மறுப்பு. ராமநாதபுரத்து ஊராட்சிக்கு அதுவும் இல்லை.

அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைத் திரும்பப் பெறும்படி தமிழ்நாடு அரசு சொன்னது. சரியான முடிவு, தாமதமாக வந்தாலும். ஆனால் காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2020 வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் ராமநாதபுரம் இல்லை. சட்டம் வருமுன் தோண்டிய கிணறுகளையும் அது தொடவில்லை. அந்தச் சட்டத்தை ராமநாதபுரத்துக்கு நீட்டிக்க வேண்டும். நடப்பிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும், சுற்றுவட்டார நீரைத் துளையிடுமுன் சோதித்த அறிக்கையை ஊராட்சியில் ஒட்ட வேண்டும். பாதிப்புக்கான தொகையை நிறுவனம் மாநில அரசின் கணக்கில் முன்பே போட வேண்டும். கேரள அரசோ, பிளாச்சிமடைத் தீர்ப்பாய மசோதாவைத் தூசு தட்டி மறுபடி சட்டமன்றத்தில் வைக்கட்டும்.