குற்றவாளி யார் என்பதல்ல கேள்வி

விமானங்கள் வானில் மோதினால் முதலில் தேடப்படுவது ஒரு குற்றவாளியை. பைலட்டா, தரையில் மைக் முன் உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டாளரா? பதில் அவ்வளவு சுலபமல்ல என்பதற்கு ஹரியானாவின் சர்க்கி தாத்ரி சாட்சி.

1996 நவம்பர் 12, மாலை. தில்லியிலிருந்து கிளம்பிய சவுதி ஜம்போவுக்கு 14,000 அடி வரை ஏற அனுமதி. தில்லியை நோக்கி எதிரே வந்த கஜகஸ்தானின் இல்யூஷின் விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. போவதும் வருவதும் ஒரே வான்பாதை. கட்டுப்பாட்டாளரின் உத்தரவில் குழப்பம் இல்லை. எதிரே ஜம்போ வருகிறது என்றும் எச்சரித்தார். ஆனால் உயரத்தைக் காட்டும் ரேடார் அப்போது தில்லியில் செயல்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. திரையில் தெரிந்தவை வெறும் புள்ளிகள். விமானம் சொல்லும் உயரத்தை நம்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. கஜக் விமானத்திலோ ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர்கள் வேறு. பேசியவருக்குத் தனி உயரமானிகூட இல்லை. விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. 349 பேர் மாண்டனர்.

நீதிபதி லஹோட்டியின் விசாரணை, அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கிய கஜக் விமானிகள்தான் காரணம் என்றது. ஆனால் நடவடிக்கை அதோடு நிற்கவில்லை. வருவதற்கும் போவதற்கும் பாதைகள் பிரிக்கப்பட்டன. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவி இந்திய வானில் கட்டாயமானது. ஒருவர் தவறினால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதே இதன் சாரம்.

கருவி வந்தால் போதுமா? 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே மோதிய ரஷ்ய டுபோலெவ், போயிங் சரக்கு விமானம் இரண்டிலும் டிகாஸ் இருந்தது. அந்தப் பகுதியைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு அறையில் விழித்திருந்தவர் ஒரே ஒருவர். சக ஊழியர் ஓய்வுக்குப் போயிருந்தார். அது அங்கே வழக்கம், நிர்வாகமும் கண்டுகொள்ளவில்லை. பராமரிப்பு வேலைக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்ட பக்கத்து மையம் அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. இரண்டு மேஜைகளுக்கிடையே ஓடிய அவர், மோதலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில்தான் கவனித்தார். டுபோலெவை இறங்கச் சொன்னார். ஏறு என்றது அதன் டிகாஸ். விமானிகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். போயிங்கும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. இறந்த 71 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இரண்டும் முரண்பட்டால் டிகாஸ் சொல்வதே இறுதி என்ற விதி அதன்பிறகு ஐயமின்றி வகுக்கப்பட்டது. 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் கட்டுப்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த 4 பேரைக் குற்றவாளிகள் என்றது, மேலாளர்களும் தப்பவில்லை.

மனிதர் களைப்படைவார், தவறாகக் கேட்பார், ஒன்றைக் கவனிக்கும்போது மற்றொன்றை விட்டுவிடுவார். பயிற்சியால் இதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. அவசர நேரத்தில் அவருக்குத் தேவை பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்கள், வேலை செய்யும் தொலைபேசி, யார் சொல்லைக் கேட்பது என்று முன்பே முடிவான விதி. இவை இல்லாத அறையில் ஒருவரை உட்கார வைத்தவர்களிடமும் கேள்வி கேட்கப்பட வேண்டும். அதை விபத்துக்கு முன்பே கேட்பது நல்லது.