மருந்துக்கு முன் ஒரு படம்

நவரைப் பட்டத்தில் திருவாலங்காட்டுப் பக்கம் கழனிகளைச் சுற்றி வந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். நட்டு முப்பது, நாற்பது நாள் ஆன பயிர். இலையில் வெள்ளைக் கோடு தெரியும். தூரடியில் ஏதோ துள்ளும். கழனிக்காரர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார். "பூச்சி விழுந்திருக்கிறது, ஏதாவது கொடுங்கள்" என்பார். அது என்ன பூச்சி என்று கேட்டவரும் பார்க்கவில்லை, கொடுப்பவரும் பார்க்கவில்லை. ஆனாலும் மருந்து வந்துவிடும். மாலைக்குள் அடித்தும் ஆகிவிடும். நானும் பல பட்டங்கள் இப்படித்தான் செய்தேன். ஆகவே யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

இன்று நம்மில் பெரும்பாலோர் சட்டைப்பையில் படம் எடுக்கும் கைப்பேசி இருக்கிறது. கல்யாணத்தையும் திருவிழாவையும் எடுக்கிறோம். ஆனால் நம் பயிரில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மருந்துப் புட்டியின் மூடியைத் திறக்குமுன் அந்தப் பூச்சியை ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. பொழுதுபோக்குக்காக இதைச் சொல்லவில்லை. சாகுபடிச் செலவு இதில் அடங்கியிருக்கிறது.

புகையானை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை என்ன சொல்கிறது? சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். ஒரு குத்தில் இருபது தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி இல்லாவிட்டால் இருபது புகையானிலேயே கணக்கு முடிந்துவிடும். ஒரே ஒரு சிலந்தி இருந்தால் நாற்பது வரை போகலாம். இந்தப் பரிந்துரையைப் பின்பற்ற வேண்டுமானால், சிலந்தியையும் புகையானையும் பார்த்துப் பிரித்தறியத் தெரிய வேண்டும் அல்லவா? அந்த இடத்தில்தான் நாம் தவறிவிடுகிறோம். தூரடியில் ஓடுவதெல்லாம் நமக்குப் "பூச்சி"தான்.

கிட்டத்தில் எடுத்த படத்தில் வேறுபாடு விளங்கும். புகையான் பழுப்பு நிறத்தில் தண்டோடு ஒட்டி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓநாய்ச் சிலந்திக்கு எட்டுக் கால், எட்டுக் கண். முதுகில் கவட்டை போன்ற கோடு இருக்கும். அது வலை கட்டிக் காத்திருப்பதில்லை. ஓடிப் பிடித்துத் தின்னும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை அதற்கு இரை. முட்டைப் பையை வயிற்றின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் சுமக்கும். இதைப் பெரிதாக்கிப் பார்த்தவர் அடுத்த முறை அதன்மேல் மருந்து அடிக்க யோசிப்பார்.

யோசிக்காமல் அடித்தால் என்ன நடக்கிறது? புகையான் தன் முட்டையை இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை. ஆனால் வெளியே திரியும் சிலந்தியும், புகையான் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் செத்துப்போகும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பொரித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன ஆளே இருக்காது. வயல் வட்ட வட்டமாகக் காய்ந்துபோகும். "மருந்து அடித்தும் புகையான் கூடிவிட்டதே, கலப்பட மருந்தாக இருக்குமோ" என்று நாம் புலம்புவோம். செயற்கைப் பைரித்ராய்டு வகைகளும் குயினால்பாஸும் புகையானைப் பெருக்கிவிடும், அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் படித்தது. புகையான் அங்கே நெல்லைச் சூறையாடியபோது, 1986-இல் அந்நாட்டு அரசு நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது. மருந்துக்குக் கொடுத்துவந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்துவிடவில்லை. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கி, விவசாயிகளையே வயலில் இறக்கி, நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்யும் பூச்சி எது என்று பார்த்துப் பழக வைத்தார்கள். அவர்கள் வரைந்த படத்தைக் கொண்டு கற்றார்கள். நம்மிடம் கைப்பேசியே இருக்கிறது.

கரும்பிலும் இதே கதைதான். திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலையே இருப்பதால் நமக்குக் கரும்பு புதிதல்ல. இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா அட்டை கட்டுகிறோம். அதிலிருந்து வரும் குளவி அரை மில்லிமீட்டர் அளவுதான். வெறும் கண்ணுக்குத் தூசி போலத் தெரியும். காசு கொடுத்து அட்டை வாங்கிக் கட்டிவிட்டு, அடுத்த வாரமே மருந்தையும் தெளித்தால் இரண்டு செலவும் வீண். அந்தக் குளவியை ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

எதிரியை அறியவும் படம் உதவும். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்த மக்காச்சோளப் படைப்புழுவுக்குத் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து போன்ற கோடும், பின்பகுதியில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். நின்று பார்த்தால் எல்லாம் ஒரே புழுதான். கிட்டத்தில் எடுத்த படத்தில்தான் அடையாளம் பிடிபடும்.

படம் எடுக்கப் பெரிய கருவி வேண்டாம். கைப்பேசியில் செருகிக்கொள்ளும் சிறு லென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் பூதக்கண்ணாடியை முன்னால் பிடித்தே எடுக்கலாம். பனி காயாத விடியற்காலை நல்ல நேரம்; குளிரில் பூச்சிகள் அதிகம் நகராது. மூன்று படம் எடுங்கள்: முழுப் பயிர் ஒன்று, சேதமான இலை ஒன்று, பூச்சி ஒன்று. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். இலையின் அடிப்புறத்தையும் தூரடியையும் விட்டுவிடாதீர்கள்.

"படம் எடுத்தால் பூச்சி சாகுமா?" என்று சிலர் கேட்கலாம். சாகாது. படம் எண்ணிக்கையையும் சொல்லாது. வயலில் குறுக்கே நடந்து இருபது குத்தாவது எண்ணித்தான் ஆக வேண்டும். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயர் தவறாகவும் இருக்கலாம். இவை நியாயமான ஆட்சேபங்கள். ஆனால் பார்க்காமலே அடிப்பதைவிடப் பார்த்துவிட்டு அடிப்பது மேல் என்பதை யார் மறுக்க முடியும்?

படத்தைக் காட்ட இடங்களும் உள்ளன. நம் மாவட்டத்திலேயே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அந்த ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 6 ரகம், தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்துக்காகவே ஐ.ஆர். 20 நெல்லுக்கு ஒரு பெற்றோராக எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழக அரசு 2018-இல் உழவன் செயலியைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் படத்தைக் கொண்டு பூச்சியை அறியும் தேசியக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். விவசாயி அனுப்பும் படத்துக்கு அன்றைக்கே பதில் வர வேண்டும். புகையான் ஒரு வாரம் காத்திருக்காது. பதில் தாமதமானால் அவர் கடைக்குத்தான் போவார். ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும், ஒவ்வொரு மருந்துக் கடையிலும் நம் மாவட்டப் பயிர்களின் நன்மை செய்யும் பூச்சி, சிலந்திகளின் பெரிய வண்ணப் படங்கள் தமிழ்ப் பெயரோடு தொங்க வேண்டும். மருந்து விற்கும் இடத்திலேயே அந்தப் படமும் இருந்தால் வாங்க வந்தவர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைப்பேசி பழகிய பிள்ளையை வரும் பட்டத்தில் ஒரு விடியற்காலை கழனிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பத்துக் குத்தைப் பிரித்துப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்து, எட்டுக் கால் எத்தனை, ஆறு கால் எத்தனை என்று எண்ணுங்கள். மருந்துக் கடைக்குப் போவதா வேண்டாமா என்பதை அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.