சார் எங்கே டீச்சர்?



குன்னூர் ரயில் நிலையத்தில், ஒன்பது மாதப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிற்கும் படத்தைப் போன மாதம் இங்கே போட்டிருந்தேன். "சார் எங்கே டீச்சர்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். "வீட்டில் இருக்கிறார், அக்கி வந்திருக்கிறது" என்று உள்ளதை எழுதினேன். அன்று மாலையிலிருந்து போன் ஓயவில்லை. "அவரை அப்படியே விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார். யார் என்று சொல்ல மாட்டேன். இதையும் அவர் படிப்பார். அவர் மீது எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் பதினைந்து பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது. மகள் கத்தாரிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருவாள். மகன் பெங்களூரில். எல்லோரும் சேர்ந்து நான்கு நாள் குன்னூர் போவதாக ஏற்பாடு. மலை ரயிலுக்கு அறுபது நாளைக்கு முன்னால் முன்பதிவு திறந்த அன்றே காலை எட்டு மணிக்கு மகன் கணினி முன்னால் உட்கார்ந்து டிக்கெட் எடுத்தான். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது இவருக்கு இடது பக்க முதுகில் எரிச்சல் என்றார். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினோம். மறுநாள் பார்த்தால் முதுகிலிருந்து விலாவைச் சுற்றி வயிறு வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். அக்கி.

சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லையாம். நரம்புக்குள்ளேயே படுத்திருந்து, வயதான பிறகு இப்படி எழுந்து வருமாம். மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்லது என்றார் டாக்டர். நாங்கள் இரண்டாம் நாளே போய்விட்டோம். காவி எழுதச் சொன்னவர்களும் உண்டு. இவர் மாத்திரையே போதும் என்றுவிட்டார். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கொப்புளம் காய்ந்து பக்குத் தட்டும் வரை கைக்குழந்தையைக் கிட்டே விடக்கூடாது, அம்மை வராதவர்களுக்கு அந்த நீர் பட்டால் அம்மையாக வரலாம் என்று. எங்கள் வீடு எத்தனை அறை என்று வந்து போனவர்களுக்குத் தெரியும். குழந்தையோ தாத்தாவின் குரல் கேட்டால் தவழ்ந்து போய் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

குழந்தைக்காகத்தான் போனேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. பிள்ளைகளையும் குழந்தையையும் மட்டும் அனுப்பிவிட்டு நான் இருந்திருக்கலாம். எனக்கும் போக ஆசை இருந்தது. முப்பத்தைந்து வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீலகிரி மலை ரயிலைப் படத்தில் காட்டியே ஓய்வு பெற்றவள் நான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும் என்று கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆசைப்பட்டது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

இவரிடம் மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, வலி வந்த இரவு. "போயிட்டு வா" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தூங்கி எழுந்து காபி குடித்த பிறகு கேட்டேன். "நீ போகலேன்னா பாப்பாவும் போகாது. அது இங்க இருந்தா நான் தூக்காம இருக்க மாட்டேன். கெளம்பு" என்றார். இது யோசித்துச் சொன்ன பதில். மூன்றாவது தடவை, போகலாமா என்று கேட்கவில்லை, என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். இட்லி மாவு, தக்காளித் தொக்கு, இரவு துணைக்கு ஓர் ஆள், குன்னூரிலிருந்து வர்க்கி. அவ்வளவுதான் பட்டியல். என் அண்ணன் மகன் நான்கு இரவும் கூடத்தில் வந்து படுத்துக்கொள்ளச் சம்மதித்தான். பகல் சாப்பாடு பக்கத்து வீட்டில்.

எந்த நோயாக இருந்தாலும் போயிருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். கொப்புளம் நெற்றியிலோ மூக்கிலோ கண்ணை ஒட்டியோ வந்திருந்தால் வாசல்படி தாண்டியிருக்க மாட்டேன், அது பார்வையைப் பாதிக்கும். டெங்குவாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன். அதில் காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். டாக்டரிடம் நேராகவே கேட்டேன், "நாலு நாள் நான் இல்லாவிட்டால் இவருக்கு ஏதாவது ஆகுமா?" என்று. "மாத்திரையை வேளை தவறாமல் போட்டால் ஒன்றும் ஆகாது, வலிதான் இருக்கும்" என்றார்.

இப்போது பழைய கதை ஒன்று. 1993. எனக்கு மஞ்சள் காமாலை. முழுப் பரீட்சை முடிந்து விடுமுறை. இவருக்குத் தபால் துறையில் வேலை என்பதால் எல்.டி.சி. உண்டு. நான்கு வருடத்துக்கு ஒரு தொகுப்பு, அந்தத் தொகுப்பு அந்த வருடத்தோடு முடிகிறது. ஆபீஸ் நண்பர்கள் குடும்பங்களோடு மைசூருக்கு ஏற்பாடாகியிருந்தது. "பிளாக் முடிஞ்சிடும், பசங்களும் ஆசையா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நாள். வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு மாமி மோர் சாதம் கொண்டுவந்து வைப்பார். முதல் நாள் வீடு அமைதியாக இருந்தது எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறை வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. திரும்பி வந்தவர் சந்தன சோப்பும் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்திருந்தார். காமாலைக்காரிக்கு நெய் ஒழுகும் மைசூர்பாகு!

அன்றைக்கு அவரிடம் ஒருவராவது "டீச்சரை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டார்களா? இல்லை. "பாவம், ரெண்டு குழந்தைங்களையும் தனி ஆளா சமாளிச்சிருக்கார்" என்றார்கள். சொன்னவர்களில் சிலர் போன மாதம் எனக்குப் போன் செய்தவர்கள். இதைப் படிக்கும்போது அவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று நம்புகிறேன்.

பழி தீர்த்துக்கொண்டாயா என்று என் தங்கை கேட்டாள். முப்பது வருடம் கழித்துப் பழி தீர்க்க நான் ஒன்றும் சினிமா நாயகி இல்லை. அவர் போனது எனக்கு வருத்தமாக இருந்ததில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், பார்த்தார்கள், மிருகக்காட்சி சாலையைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். என்னிடம் அவர் கேட்கவே இல்லை, சொல்லிவிட்டுப் போனார். ராத்திரிக்கு யார் இருப்பார்கள் என்று யோசிக்கவும் இல்லை. அந்த இரண்டும்தான் இத்தனை வருடம் மனதில் கிடந்தது. அதனால்தான் இந்தத் தடவை மூன்று முறை கேட்டேன் போலிருக்கிறது.

நம் ஊரில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொள்வது என்று நினைக்கிறோம். தொண்ணூறுகளில் தரங்கம்பாடிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது ஒரு பையன், அம்மாவுக்குக் காய்ச்சல், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டு வந்தார். "இவன் வீட்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா எனக்குக் காய்ச்சல் கொறையுமா டீச்சர்? கோட்டையப் பாத்துட்டு வந்து சொல்லட்டும், நான் கேக்குறேன்" என்றார். அந்தப் பையன் இப்போது ஓசூரில் இருக்கிறான். படிக்கிறாய் என்று தெரியும், பெயர் போடவில்லை. அன்று பேருந்தில் போகும்போது அழுதாய், கடலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாய். அம்மாவுக்கென்று ஒரு சிப்பியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். அந்த அம்மாளுக்கு வீட்டில் வேறு துணை இருந்ததா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குன்னூரில் நான் எப்படி இருந்தேன் என்றால், பாதி அங்கே, பாதி இங்கே. ரயில் பல்சக்கரத்தைப் பிடித்த இடத்தில் பெட்டி லேசாக உதறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மருமகள் பார்த்துவிட்டாள். தினம் மூன்று வேளை போன் செய்தேன். "நீ இங்க இருந்தாக்கூட இவ்வளவு பேச மாட்டியே" என்றார் இவர். "தூங்கினீங்களா?" "தூங்கினேன்." "வலி?" "பரவாயில்ல." தினம் இதே பதில்.

ஊர் திரும்பியதும் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று போட வேண்டியது சரியாக இருந்தது. வலி தாங்காவிட்டால் மட்டும் போடச் சொன்ன அட்டையில் நான்கு காலி. கேட்டதற்கு மழுப்பினார். விடவில்லை நான். இரண்டாம் நாள் இரவு சட்டை பட்டாலே நெருப்பு பட்டதுபோல் இருந்ததாம். விடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தாராம். அண்ணன் மகன் பத்தடி தூரத்தில் குறட்டை. அவனை எழுப்பவில்லை. காலையில் என்னிடம் "பரவாயில்ல."

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே?"

"அதான் சொல்லல."

கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. 1993-இல் சமையலறை வாசலில் உட்கார்ந்ததை நானும் இவரிடம் சொன்னதே இல்லை. அன்று ராத்திரிதான் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மைசூர்பாகு உனக்குப் பிடிக்குமேன்னுதான் வாங்கினேன்" என்றார்.

இனிமேலும் இப்படி ஒரு நிலைமை வந்தால் போவேனா என்று கேட்டால், போவேன். நான்கு நாள் இல்லை, இரண்டு நாள். நோயாளி சொல்வதை மட்டும் நம்ப மாட்டேன், துணைக்கு இருப்பவரிடம் தனியாகப் போன் செய்து கேட்பேன். அதுவும் தூக்கத்தில் இடி விழுந்தாலும் எழாத ஆளாக இல்லாமல் பார்த்து வைப்பேன் (அண்ணன் மகனே, கோபித்துக்கொள்ளாதே. நீ வந்ததே பெரிய உதவி). அந்த ஓர் இரவு எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் வலி வலிதான். ஆனால் கூட நடந்திருப்பேன்.

இப்போது கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் மிச்சம் இருக்கிறது, சில பேருக்கு அது மாதக்கணக்கில் இருக்குமாம். பருத்திப் பனியன்தான் போடுகிறார். பேத்தி ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம் தாத்தா தோளை விட்டு இறங்கவில்லை. வர்க்கி இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது.

சாரைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் அவருக்கே போன் செய்யுங்கள். மதியம் தூங்குவார், நான்கு மணிக்கு மேல் செய்யுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டால் "பரவாயில்ல" என்பார். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.