ஹந்தானையைப் பூட்ட வேண்டாம், ஆள் வையுங்கள்

கண்டி இராசதானியின் காலத்தில் நினைத்த நேரத்தில் எவரும் மலையேறிவிட முடியாது. கலகெதர, கிரிஹாகம, பலனை என்று கணவாய்தோறும் காவல் இருந்தது. கடவத்தைகளில் முட்கதவு போட்டு, வருகிறவன் யார், எதற்கு வருகிறான் என்று விசாரித்த பிறகே உள்ளே விட்டார்கள். 1803 இல் மெக்டோவலின் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைவதற்கு முன்னர் கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த காவலரண்களைத் தாண்ட வேண்டியிருந்தது. இன்று அதே கலகெதரவில் குருநாகல் வீதி பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து, முச்சக்கர வண்டி பிடித்து ஹந்தானைக்குப் போகும் இளைஞனிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவன் இருட்டுவதற்குள் இறங்கிவிட்டானா என்று பார்க்கவும் ஆளில்லை.

மலை பெரிதல்ல. உயர்ந்த சிகரமே சுமார் 3,800 அடிதான். ஆனால் நகரத்தின் தோளிலேயே நிற்கிறது. தேயிலை நூதனசாலையைத் தாண்டி, கைவிடப்பட்டு மரமாகிப்போன தேயிலைச் செடிகளுக்குள் நடந்து, மானாப்புல் முழங்காலில் உரச முகட்டுக்கு வந்தால், கீழே 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய குளம், அதன் கரையில் தலதா மாளிகை, எதிரே பஹிரவகந்தையின் வெண்ணிறப் புத்தர், மேற்கே பேராதனையில் வளையும் மகாவலி. வானம் தெளிந்திருந்தால் நக்கிள்ஸ் தொடரும் தெரியும். இந்தக் காட்சிக்காகத்தான் சனி ஞாயிறுகளில் கூட்டம் ஏறுகிறது. பின்னேரம் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. வழி தவறிய மாணவர்களைத் தேடிப் பொலிஸாரும் படையினரும் இரவில் ஏறிய சம்பவங்கள் உண்டு. பல்கலைக்கழகப் பக்கமாகவும் ஏறலாம், தோட்டப் பக்கமாகவும் ஏறலாம். எந்த வழியாக யார் போனார் என்பதற்குப் பொதுவான பதிவேடு கிடையாது.

2010 இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஹந்தானை பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் எல்லைத் தகராறும் கட்டடங்கள் பற்றிய முறைப்பாடுகளும் ஓயவில்லை. வர்த்தமானித் தாள் மலையைக் காக்காது. காவலுக்கு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர் மலையிலேயே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் இருக்கிறார்கள். 1969 இல் வந்த ‘ஹந்தானே கதாவ’ திரைப்படத்திலிருந்து இன்றுவரை நாடறிந்த ஹந்தானை, பேராதனை மாணவர்களின் காதல் மலைதான். லயத்துப் பிள்ளைகளின் ஹந்தானை அந்தப் படச்சட்டத்துக்குள் வருவதில்லை. மலையேறுவோர் லயத்து வாசலைக் கடந்துதான் போகிறார்கள், தண்ணீர் கேட்கிறார்கள், பாதை கேட்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கும் அக்கா கையை நீட்டி, “அந்தக் கல்லுக்கு மேல போகாதீங்க, மூடிரும்” என்று சொல்கிறார். வெற்றுப் போத்தல்கள் மட்டும் அங்கே மிஞ்சுகின்றன. அரச நிறுவனமான ஜனவசமவின் தோட்டம் இது. 2024 இல் சம்பளச் சபை வழியாகத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. நகரத்து ஏற்பாட்டாளர் ஒருவர் ஒரே குழுவிடம் அதைவிடப் பன்மடங்கு வாங்கிக்கொண்டு அதே பாதையில் ஏறிவிடலாம்.

பாதைக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல்லில் பரவிய தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் அங்கே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு இணையவழி அனுமதியும் வழிகாட்டிகளும் ஏற்பாடாயின. அந்த வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். ஹந்தானையிலும் வறட்சி வந்தால் மானாப்புல் பற்றி எரிவது புதிதல்ல. மழைக்காலத்துக்கு வேறு ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொட்டிய மழையில் கண்டி மாவட்டச் சரிவுகள் எப்படிச் சரிந்தன என்பதை நாம் பார்த்தோம். மண்சரிவு எச்சரிக்கை வானொலியில் வருகிறது, தொலைபேசியில் வருகிறது. பாதையின் வாயிலில் நின்று “இன்று ஏறாதே” என்று சொல்ல மட்டும் எவருமில்லை.

எனவே நமது கோரிக்கை இதுதான். தோட்டத்து இளைஞர்களையும் யுவதிகளையும் தேர்ந்து, முதலுதவியும் தீயணைப்பும் பயிற்றி, சம்பளத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்துங்கள். ஒவ்வொரு வாயிலிலும் பெயரைப் பதியுங்கள், நேரத்தைக் குறியுங்கள். ஒரு சிறு கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை லயத்துக் குடிநீருக்கும் கழிவறைக்கும் ஒதுக்குங்கள்.

கடவுளின் மலைக்குக் கட்டணமா என்று சிலர் கேட்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் உள்ளூராருக்கும் விலக்களிக்கலாம், அது பெரிய சிக்கலல்ல. மலையையே மூடிவிடச் சொல்பவர்களும் உண்டு. மூடினால் முன்வாசலால் வருகிறவர் நின்றுவிடுவார், பின்வழியால் இரவில் கூடாரத்தோடு ஏறுகிறவர் நிற்க மாட்டார். தீ மூட்டுவதும் பெரும்பாலும் அவர்தான். முகட்டில் ஹோட்டல் கட்டினால் காவல் தானே வந்துவிடும் என்ற வாதம் நமக்கு வேடிக்கையாகவே படுகிறது. காட்சியைப் பார்க்கும் இடத்தையே மறைத்துவிட்டு எதைக் காப்பது?

மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் கங்கவட்ட கோறளை பிரதேச செயலகமும் தோட்ட நிர்வாகமும் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும், புதிய சட்டம் தேவையில்லை. ஜனவரியில் புல் காயத் தொடங்கும். அதற்கு முன் முதல் அணி வழிகாட்டிகளாவது பாதைக்கு வந்துவிட வேண்டும்.